வளவுக்குள் ஒரு கபின் படகு: ஒட்டுசுட்டான் தம்பிக்குப் பதில்

ஒட்டுசுட்டானில் தளபாட வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டு வளவிலேயே மரத்தில் ஒரு கபின் படகு கட்ட வேண்டும். பகலில் நாலு பேர் போய்வரவும், இரவில் இரண்டு பேர் படுக்கவும் இடம் வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்திலும் நந்திக்கடல், நாயாறு களப்புகளிலும் ஓட்ட ஆசை, கடல் அமைதியாக இருந்தால் கடலுக்கும் ஒருக்கால். கையில் காய்ந்த பாலையும் முதிரையும் கிடக்கின்றன. கபினுக்குள் எழும்பி நிற்க வேண்டும். 15 குதிரைவலு எஞ்சின் காணுமா என்பது கடைசிக் கேள்வி.

கட்டலாம் தம்பி. கதவு நிலையும் அலுமாரியும் பிசகாமல் செய்யத் தெரிந்த கைக்கு ஒரு சின்னப் படகு எட்டாத வேலை இல்லை. ஆனால் எழும்பி நிற்கிற கபினையும் பாலைப் பலகையையும் இப்போதே மறந்துவிடுங்கள். கடலுக்கு ஒருக்கால் என்பதையும்தான். மூன்றுக்கும் காரணம் பாரமும் காற்றும். அதை விளங்கிக்கொண்டால் மிச்ச முடிவுகளை நீங்களே எடுப்பீர்கள்.

அளவிலிருந்து தொடங்குவோம். பிளைவூட் சீற் 8 அடிக்கு 4 அடி. இரண்டு சீற்றை நீளவாக்கில் சேர்த்தால், மூட்டுக்குப் போனது போக, 15 அடி 9 அங்குலம் மிஞ்சும். பக்கப் பலகை வளைந்து போவதால் படகின் நேர் நீளம் அதைவிடக் குறையும். ஆகவே நீளம் 15 அடி, அடித்தட்டு அகலம் 4 அடி, பக்கங்கள் வெளியே சாய்ந்து மேலே 6 அடி என்று வையுங்கள். 17 அடி வேண்டும் என்று நின்றால் அந்த இரண்டடிக்காக எல்லாவற்றிலும் மூன்றாவது சீற் வெட்ட வேண்டிவரும். இந்த அளவில் அடிக்கும் பக்கத்துக்கும் 9 மில்லிமீற்றரில் 4 சீற், கபினுக்கும் தடுப்புகளுக்கும் தளத்துக்கும் 6 மில்லிமீற்றரில் 8 சீற் போதும். ஒன்றிரண்டு கூட வாங்கி வைப்பது உங்கள் வாளைப் பொறுத்தது.

இந்தப் படகு 110 கிலோ ஏற ஏற ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழும். படகின் உடல் 250 கிலோ வரும். எஞ்சின், பெற்றோல், பற்றரி எல்லாம் 90. நாலு ஆட்கள் 280. நங்கூரம், தண்ணீர், சட்டிபானை 60. கூட்டினால் 680 கிலோ, அதாவது ஆறங்குலத்துக்குச் சற்று மேலே. நந்திக்கடலின் முழங்காலளவுத் தண்ணீரில் எஞ்சினைத் தூக்கிவிட்டு, தடி ஊன்றிப் போகலாம். நல்ல கணக்கு இது. இதைக் கெடுப்பது பெரும்பாலும் பாரம் மட்டுமல்ல, பாரம் எங்கே இருக்கிறது என்பதும்தான். நாலு பேரும் தளத்தில் உட்கார்ந்திருக்கும் படகும், அதே நாலு பேர் எழும்பி நிற்கும் படகும் ஒரே படகு இல்லை. நிற்கிற உயரத்துக்குக் கபின் எழுப்பினால் கூரையின் பாரமும் மேலே போகும், ஆட்களும் உள்ளே நிற்பார்கள்.

அதோடு காற்று. மணிக்கு 37 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடித்தால், நிமிர்ந்த பலகையை ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 7 கிலோ பலத்தில் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. நிற்கிற கபினில், உட்காருகிற கபினைவிட ஒரு பக்கத்துக்கு ஒன்றரைச் சதுர மீற்றர் பலகை கூட இருக்கும். சோளகத்தில் அது 10 கிலோ, பெரிய விஷயமில்லை. ஐப்பசியில் பின்னேரம் இடியோடு திடீரென்று வரும் காற்றில் அதே பலகை 40 கிலோ தள்ளு வாங்கும், அதுவும் தலை உயரத்தில். ஒருவர் கரையில் நின்று தோள் கொடுத்துப் படகைச் சாய்ப்பது மாதிரி. தட்டை அடிப் படகு முதலில் அசையாமல் நிற்கும், நம்பிக்கை தரும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்ததும் எச்சரிக்கை இல்லாமல் கவிழும்.

ஆகவே படுக்கைத் தட்டிலிருந்து கூரைக்கு 3 அடி. நிமிர்ந்து உட்காரலாம், சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடலாம், படுக்கலாம். உடுப்பு மாற்ற எழும்பி நிற்க வேண்டுமென்றால் கூரையின் பின்பக்கத்தில் தள்ளித் திறக்கிற மூடி ஒன்று வையுங்கள். படகு கட்டி நிற்கும்போது அதற்கு மேலே தறப்பாள் இழுத்துக்கொள்ளலாம். தறப்பாள் கட்டுவதை வன்னியில் யாருக்கும் நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கடலை ஏன் வேண்டாம் என்கிறேன்? முல்லைத்தீவுக் கரை திறந்த கரை. அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் எந்தப் படகும் வெளியே போக வேண்டும். பைபர்ப் படகுகள் அதைச் செய்வது கூரிய அணியமும் (முன்முனையும்), எஞ்சின் வேகமும், பரம்பரைக் கையும் சேர்ந்ததால். தட்டை அடி அலையில் அறையும். கபின் முகப்பில் உடைந்த அலை விழுந்தால் கண்ணாடி போய்விடும். இதைவிட முக்கியமானது, சோளகம் அந்தக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரம் தண்ணீர் பால் மாதிரிக் கிடக்கும், பார்த்தால் ஆசை வரும். எஞ்சின் நின்றதோ, அந்தக் கபினே பாயாகி உங்களைக் கிழக்கே கொண்டுபோகும். களப்பில் எஞ்சின் நின்றால் எப்படியும் ஏதோ ஒரு கரையில் ஒதுங்குவீர்கள்.

குளத்தில் வேறு கவனம். வன்னிக் குளங்களுக்குள் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கும். மாரியில் ஆழத்தில் கிடப்பவை ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கும். மெதுவாகப் போங்கள். சிக்கினால் இறங்கித் தள்ளுவோம் என்று நினைக்காதீர்கள், முதலை உள்ள இடத்தில் அந்த யோசனை எடுபடாது. நீண்ட தடி ஒன்று எப்போதும் படகில் கிடக்கட்டும்.

இனி மரம். பாலை நல்ல மரம், அதனாலேயே இந்த வேலைக்கு ஆகாது. காய்ந்த பாலைத் துண்டொன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அமிழும். முதிரை மிதந்தாலும் மட்டுமட்டாகத்தான். இரண்டும் துளையிடாமல் ஆணி ஏற்காது, அவ்வளவு இறுகிய மரத்துக்குள் பசையும் இறங்காது. ஆனால் வீசிவிடாதீர்கள். அடியில் நடுவே ஓடும் மரத்தின் கீழ்ப்பட்டி, கரையில் உராயும் பக்கப் பட்டி, கயிறு கட்டும் கட்டைகள், இவற்றுக்குப் பாலையை மிஞ்ச ஒன்றும் இல்லை. உள்ளே வரும் சலாகைகளுக்கு வேம்பு அல்லது தேக்கு எடுங்கள். வளைவான துண்டு வேண்டிய இடத்தில் பூவரசங் கொப்பு நல்லது. படகு கட்டிய பழைய ஓடாவிமார் புன்னையையும் பூவரசையும் தேடிப் போனது அந்த இயற்கை வளைவுக்காகத்தான்.

வளவில் நின்ற மரத்தையோ மரக்காலையில் பழைய மரத்தையோ எடுப்பதானால் ஒன்று பாருங்கள். எங்கள் பக்க மரங்களுக்குள் இரும்பு இருக்கும். குண்டுச் சிதறல் புகுந்து, அதன்மேல் பட்டை மூடி, மரம் பாட்டுக்கு வளர்ந்திருக்கும். அரிந்த பலகையில் நரம்போடு நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடினால் அதைத் தொடர்ந்து போங்கள், முடிகிற இடத்தில் துண்டு கிடக்கும். சீவுளி வாய் போவது ஒரு நட்டம். அந்த இரும்பு தண்ணீருக்குள் கறள் பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் தின்பது அதைவிட நட்டம். மரம் தறிக்கவும் ஏற்றவும் அனுமதி வேண்டும் என்பது தளபாடக்காரருக்குத் தெரிந்த சங்கதி.

"பலகை அடித்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்துக் கட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது, அந்தக் கைவேலையை யார் குறை சொல்வார்? உங்களுக்கு அது பொருந்தாது. பலகைப் படகு தண்ணீரில் கிடந்தால்தான் பலகை ஊதி இடுக்கு இறுகும். உங்கள் படகு மாதத்தில் பாதி நாள் வளவில் வெயில் காயும். இறக்குகிற ஒவ்வொரு முறையும் ஒழுகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்து இறங்கியவையும் பெரும்பாலும் பைபர்ப் படகுகள், மர வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிற ஆளைத் தேடிப்பிடிப்பதே இப்போது பாடு.

ஆகவே பிளைவூட்டை வெட்டி, செப்புக் கம்பியால் தைத்து, எப்பொக்சி என்ற இரு பகுதிப் பசையால் ஒட்டும் முறை. இப்படித் தைத்துக் கட்டுவது 1960களில் இங்கிலாந்தில் மிரர் என்ற சின்னப் பாய்ப்படகோடு பரவியது. பக்கப் பலகையும் அடிப் பலகையும் சந்திக்கிற விளிம்பில் ஆறங்குலத்துக்கு ஒரு துளை, கம்பியைக் கோத்து முறுக்கினால் தட்டைப் பலகைகள் தாமாகவே படகு வடிவத்துக்கு வரும். இழையும் கயிறும் போட்டுத் தோணி தைத்த கரைகளில் இருப்பவர்களுக்கு இது புதினமான யோசனையும் இல்லை. தைத்து முடித்ததும் பசை தொட முன்னர் படகின் உடலில் முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் ரியூப் காணும். முன்னும் பின்னும் மட்டம் பிடித்து, மூலைக்கு மூலை நூல் கட்டி அளந்து பாருங்கள். இந்த இடத்தில் அரை நாள் செலவழிந்தால் பரவாயில்லை, முறுக்கோடு எப்பொக்சி இறுகிவிட்டால் அந்தப் படகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் ஓடும். வெட்ட முன்னர் மட்டைத் தாளில் பத்திலொரு பங்கு அளவில் ஒன்று செய்து பாருங்கள்.

பிளைவூட்டில் பி.எஸ். 1088 என்று, படகுப் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தர முத்திரை இருக்கும். முத்திரை யாரும் குத்தலாம். ஓரத்தில் சிறு துண்டொன்று வெட்டி வாங்கி, நாலைந்து மணித்தியாலம் கொதிக்க வைத்து, காயவிட்டு, திரும்பவும் கொதிக்க வையுங்கள். இழை பிரிந்தால் அது அலுமாரிக்குத்தான். வெட்டுமுகத்தில் ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள், தண்ணீர் அதன் வழியாகத்தான் சீற் முழுக்க ஓடும். சீற் இரண்டைச் சேர்க்கும்போது விளிம்புகளைச் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஒட்ட வேண்டும். சரிவின் நீளம் பருமனைப் போல எட்டு மடங்கு. 9 மில்லிமீற்றருக்கு 72. பிளைவூட்டின் அடுக்குகள் சரிவில் கோடுகோடாகத் தெரியும், கோடுகள் நேராக ஓடினால் சீவல் நேர். இது உங்களுக்குக் கைவந்த வேலை.

பசையில்தான் தளபாடக்காரர் தடுமாறுவார். பைபர்ப் படகு ஒட்டுகிற இடத்தில் மலிவாகக் கிடைக்கும் றெசின் பொலியெஸ்ரர். அது பைபரில் பிடிக்கும், மரத்தில் நம்பிப் பிடிக்காது. சில மாரிக்குப் பிறகு தோலாக உரியும். எப்பொக்சி விலைதான், ஆனாலும் மலிவானதை நாடாதீர்கள். அதே இடத்தில் கிடைக்கும் பைபர் பாயையும் வாங்காதீர்கள். அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்ரரில்தான் கரையும், எப்பொக்சியில் விறைத்து நிற்கும். நெய்த கண்ணாடித் துணியும், மூட்டுகளுக்கு மூன்று நாலு அங்குல அகலத்தில் நெய்த பட்டியும் கேளுங்கள்.

எப்பொக்சியின் இரண்டு பகுதிகளையும் பேணியில் எழுதியபடி அளந்து கலக்க வேண்டும். கெதியில் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட ஊற்றினால் இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். எங்கள் வெக்கையில் வெப்பம் பத்துப் பாகை கூடினால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகும். ஆழமான கோப்பையில் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். சின்னச் சின்னதாகக் கலந்து, உடனே தட்டையான தட்டில் பரப்புங்கள். மூட்டு ஒட்டுவதை விடியப்புறம் செய்யலாம். ஆனால் வெறும் மரத்துக்கு முதல் பூச்சைப் பின்னேரம், சூடு இறங்குகிற நேரத்தில் பூசுங்கள். காலையில் பூசினால் வெயிலேற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து, பூச்சு முழுக்கக் குமிழ் கிளம்பும். பின்னேரம் மரம் குளிர்ந்து பூச்சை உள்ளே இழுக்கும். காய்ந்த பூச்சின்மேல் சில வேளை மெழுகு மாதிரி ஒன்று படரும். தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அரத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த பூச்சு.

உள்மூலைகளில் எப்பொக்சியோடு அரித்த மரத்தூள் சேர்த்துக் களியாக்கி, கரண்டிப் பின்புறத்தால் வளைவாக இழுத்து, அதன்மேல் பட்டி ஒட்டினால் அதுதான் மூட்டு. கழுந்தும் துளையும் தேவையில்லை. கையுறை கட்டாயம். எப்பொக்சி ஒருமுறை தோலில் ஒவ்வாமை கிளப்பினால் பிறகு வாசம் பட்டாலே சொறியும், தொழிலையே மாற்ற வேண்டிவரும். வெளியே கடைசியில் பெயின்ட் அடிக்காமல் விடாதீர்கள், வெயில் எப்பொக்சியைத் தூளாக்கிவிடும். மரத்தின் அழகு தெரிய வேண்டுமென்ற ஆசையைக் கபினுக்குள்ளே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆணி, திருகாணிக்கு இரும்பு வேண்டாம். தண்ணீருக்கு மேலே 316 தர ஸ்ரெயின்லெஸ், கீழே செம்பு அல்லது வெண்கலம்.

வேலையைத் தை, மாசியில் தொடங்குங்கள். மாரிக் குளிரும் ஈரமும் எப்பொக்சிக்கு ஆகாது. கொட்டிலில் படகை நேரே நிலத்தில் வைக்காமல் முட்டுக்கட்டைகளில் ஏற்றி, ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கழிவு ஒயில் ஊற்றிய தகரப் பேணி வையுங்கள். நம்மூர்க் கறையானுக்கு பி.எஸ். 1088 தெரியாது. கொட்டில் வாசல் ஆறரை அடி இருக்கிறதா என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், சுவரை இடித்துப் படகெடுத்த கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு.

மரப் படகைக் கொல்வது பெரும்பாலும் உப்புத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர்தான். கபின் மூலையில் தேங்கி, காற்றுப் படாமல் உளுக்க வைக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் காற்றுவழி வையுங்கள், படுக்கைத் தட்டுக்குக் கீழே கை போகிற துளைகள் விடுங்கள். முன்பக்க மூடி ஓர் ஆள் வெளியே வரக்கூடிய அளவாக இருக்கட்டும், கபினுக்கு ஒரே வாசல் இருக்கக்கூடாது. பெற்றோல் தாங்கி திறந்த பின்தளத்தில்தான். பெற்றோல் ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடப் பாரம், கபினுக்குள் கசிந்தால் அடியில் போய்ப் படுத்திருக்கும், ஒரு நெருப்புக்குச்சி போதும். தேத்தண்ணியைக் கரையில் வைத்துக் குடியுங்கள்.

மூழ்காமலிருக்க ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக் கட்டி. ஒரு கன அடி ஏறக்குறைய 27 கிலோவைத் தாங்கும், எட்டுக் கன அடி வையுங்கள். இரு பக்க இருக்கைகளுக்குள்ளும் உயரமாக அடையுங்கள். அடித்தளத்தில் வைத்தால் தண்ணீர் நிறைந்த படகு தலைகீழாகத்தான் மிதக்கும். பெற்றோலும் பொலியெஸ்ரரும் ரெஜிபோமைக் கரைக்கும், எப்பொக்சி கரைக்காது.

15 குதிரைவலு தாராளம். இப்படிப்பட்ட படகின் இயல்பான வேகம் அதன் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. உங்களுடையது மணிக்கு 9 கிலோமீற்றர் சொச்சம். அதற்கு 8 குதிரைவலுவே காணும். மிச்சம் சோளகத்துக்கு எதிரே வரும்போதும், மாரியில் முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் இழுக்கும்போதும் கைகொடுக்கும். அதற்குமேல் முறுக்கினால் பின்பக்கம் குந்தி, பெற்றோல்தான் எரியும்.

நாயாறு, நந்திக்கடல் ஓட்டத்துக்கு முன் பிரதேச செயலகத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் கேளுங்கள், குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். நாயாற்றுக்குத் தெற்கே உள்ள கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம், அங்கேயும் வனசீவராசிகள் திணைக்களத்தின் சொல் வேண்டும். வலை கட்டியிருக்கும் தொழிலாளிகளிடம் எந்தப் பக்கத்தால் போகலாம் என்று கேட்பது எந்தக் கடதாசியையும்விட முதலில் செய்ய வேண்டியது.

முதல் இறக்கத்தை இடுப்பளவுத் தண்ணீரில், காற்றில்லாத காலையில் வையுங்கள். எஞ்சின் இல்லாமல் நாலு பேரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பு எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள். பிறகு வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றி நிரப்பிப் பாருங்கள். நிரம்பியும் நிமிர்ந்து மிதந்தால் எஞ்சினை ஏற்றலாம். அதற்கு முன்னர், பின்பலகை வெட்டுகிற கட்டத்துக்கு வரும்போது ஒருக்கால் எழுதுங்கள். குறுந்தண்டு எஞ்சினுக்குப் பின்பலகை உயரம் 15 அங்குலம், நெடுந்தண்டுக்கு 20. எஞ்சின் எது என்று தெரியாமல் அதில் வாள் வைக்கக்கூடாது.